அம்மப்பாவின் பொலிஸ் றிவோல்வர் உறை: பொடியாய் உதிர்ந்த தோலைத் திரும்ப நிமிர்த்திய விதம்

உறை இப்போது தானாக நிற்கிறது. மூடி வளைந்து வந்து பித்தளைக் குமிழில் மாட்டுகிறது. தொட்டால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டுவதில்லை. இடுப்புப் பட்டியை முழு நீளத்துக்கும் விரித்துப் பார்க்கலாம். வேலை தொடங்கியபோது இதில் ஒன்றுகூடச் செய்ய முடியாது. எது பிடித்தது, எது கெடுத்தது என்பது மனதில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற மட்டக்களப்பில் பழைய தோல் சாமான் வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். இணையத்தில் கிடைக்கிற வழிமுறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. நம்முடைய மாரி மழைக்கும் வறண்ட கச்சான் காற்றுக்கும் அவை அப்படியே பொருந்தாது.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அம்மப்பா இலங்கைப் பொலிஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் வேலை செய்த காலத்தில் அம்பாறை தனி மாவட்டம் இல்லை. 1961இல்தான் அது மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதனால் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லாம் அவருக்கு ஒரே மாவட்டம். றங்குப் பெட்டியில் அவர் விட்டுப்போனவை நான்கு: சாம் பிறவுண் பெல்ற் என்கிற அகலப் பட்டியும் தோள்வாரும், றிவோல்வர் உறை, தோட்டாப் பை, கழுத்தில் போடும் கயிறு. றிவோல்வர் இல்லை. அது அரசாங்கத்துச் சொத்து, ஓய்வு பெறும்போது ஒப்படைத்துவிட்டார். இதைக் கேள்விப்படுகிற எல்லாருடைய முதல் கேள்வியும் "துவக்கு எங்க?" என்பதாகத்தான் இருக்கிறது. ஆகவே அதை முதலிலேயே சொல்கிறேன்.

அமெரிக்காவில் பழைய பொலிஸ் றிவோல்வர்களைச் சேகரிக்கிறவர்கள் நிறையப் பேர். 1899இல் வந்த சிமித் அன்ட் வெசன் மிலிற்றரி அன்ட் பொலிஸ், 1927இல் வந்த கோல்ற் ஒஃபிஷியல் பொலிஸ் போன்றவற்றைத் தேடி வாங்குவார்கள், சிலர் இடுப்பில் வைத்துக்கொண்டும் திரிவார்கள். இங்கே நடைமுறை வேறு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒன்றையும் வைத்திருக்க முடியாது, இருக்கிற பத்திரத்தையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எனக்கு அதில் குறை இல்லை. நம் ஊர் துவக்குகளைப் பார்த்தது போதும். ஆனால் ஒரு மனிதன் ஒரு றிவோல்வரை வருடக்கணக்காகச் சுமந்து திரிந்ததன் அடையாளம் இரும்பில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. அந்தத் தோலைக் காப்பாற்றுவதற்கு ஒரு பத்திரமும் வேண்டியதில்லை.

துடைக்குமுன் அளந்தேன். பழைய உறையில் முதல் செய்ய வேண்டியது இதுதான். மெருகும் தடங்களும் ஒருமுறை போனால் போனதுதான். உறையின் உட்பக்கத்தைப் பார்க்கக் கைபேசி விளக்கும், பல் வைத்தியர் பாவிக்கிற மாதிரியான சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டேன். அளவுக்குத் தென்னை ஈர்க்கில். இரும்பு அளவுகோல் உள்ளே போனால் சுரண்டும். ஈர்க்கில் வளையும், விரல் நகத்தால் அடையாளம் வைக்கலாம், வெளியே எடுத்து அளந்துகொள்ளலாம்.

உள்ளே இரண்டு இடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஒன்று அடியில், குழல் வாய் உரசிய வட்டம். மற்றது மேலே, சுழல் உருளை புடைத்து நின்ற இடம். சேகரிப்பவர்கள் ஒரு றிவோல்வரை வாங்கும்போது குழல் நுனியிலும் உருளையின் விளிம்பிலும் நீலக் கருமை மெருகு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உறையில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து வருகிற தேய்வு அது. இரும்பு அங்கே இழந்த மெருகைத் தோல் இங்கே வாங்கி வைத்திருக்கிறது. றிவோல்வரின் குழல் நீளத்தை உருளையின் முன்விளிம்பிலிருந்து வாய் வரைக்கும்தான் அளப்பார்கள். ஆகவே இந்த இரண்டு மினுக்கத்துக்கும் இடைப்பட்ட தூரம்தான் குழலின் நீளம். ஈர்க்கில் காட்டியது 125 மில்லிமீற்றர். ஐந்து அங்குலம் என்றால் 127. தோல் சுருங்கியதைக் கணக்கில் எடுத்தால் அது ஐந்து அங்குலக் குழல்தான். நான்கு அங்குலமென்றால் 102, ஆறு அங்குலமென்றால் 152 வந்திருக்க வேண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்துப் பெரிய பிரித்தானிய றிவோல்வரான .455 வெப்ளி ஆறாம் மார்க்குக்கு (எண் தோட்டாவின் குறுக்களவு, அங்குலத்தில்; மார்க் என்பது மாதிரியின் வரிசை) ஆறு அங்குலக் குழல், அது இந்த உறைக்குள் முழுதாக இறங்காது. அத்தோடு அது ஒழிந்தது.

ஐந்து அங்குலத்திலும் பல வகை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்கும் அதன் நாடுகளுக்கும் அமெரிக்கா அனுப்பிய சிமித் அன்ட் வெசன் விக்ரறி மொடலும் பெரும்பாலும் ஐந்து அங்குலம்தான். ஆனால் அதில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். பிரித்தானியாவின் வெப்ளியும் என்ஃபீல்டும் நடுவில் முறிந்து திறப்பவை. உருளைக்கு முன்னால், கீழே, ஒரு கீலும் அதற்கொரு திருகாணியும் இருக்கும். கண்ணாடியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனபோது தோலில் ஒரு வட்டத் தழும்பு, சட்டைப் பொத்தான் அளவு, தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு அன்று வேறு வேலை ஓடவில்லை. "நடுவால முறிச்சுத்தான் தோட்டா போடுவார்" என்று அம்மா சொல்வது வெறும் ஞாபகம் இல்லை, தோலிலும் இருக்கிறது.

வெப்ளியா என்ஃபீல்டா? இரண்டும் .38, இரண்டின் நீளமும் ஏறக்குறைய 10¼ அங்குலம், எடை முக்கால் கிலோவை ஒட்டி. என்ஃபீல்ட் இரண்டாம் இலக்கம் 1932இல் பிரித்தானியப் படைக்கு வந்தது. ஆனால் 1938இலிருந்து அதன் சுத்தியலில் விரல் வைக்கும் கொக்கியை வெட்டிவிட்டார்கள், பழையவற்றையும் பெரும்பாலும் அப்படியே மாற்றினார்கள். எங்கள் உறையின் மூடியை உட்புறமாகத் திருப்பினால், கொக்கி குத்தி ஆழமாகக் குழிந்த இடம் ஒன்று இருக்கிறது. கொக்கி உள்ள சுத்தியல் அது. அதனால் வெப்ளி நான்காம் மார்க் என்பதுதான் என் முடிவு. மாற்றாமல் விட்ட ஒரு பழைய என்ஃபீல்டாகவும் இருக்கலாம் என்ற வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

இனி வேலை.

தோலின் நிலைமை மூன்று விதம். பட்டியின் நடுப்பகுதி பரவாயில்லை, விறைத்திருந்தது, அவ்வளவுதான். மூடியின் மடிப்பும் தோள்வாரின் நுனிகளும் செங்கல் தூள் மாதிரி உதிர்ந்தன. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட பழைய தோலுக்கு வருகிற நோய் இது. உள்ளே அமிலம் ஏறி நார் அறுந்துபோகும். மூன்றாவது, உறையின் முதுகுப் பக்கம். பல வருடங்களுக்கு முன் மாமா ஒருவர் நல்லெண்ணத்தில் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். அந்த இடம் கறுத்து, பிசுபிசுத்து, தூசியும் பூஞ்சணமுமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் தோலை மெதுவாக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு மாதத்துக்கு மெதுவாக்கும். பிறகு பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தேன். கசங்கிய மடிப்புகளுக்குள் பழைய பல்தூரிகை. பிறகு ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஒற்றிய பஞ்சு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. எண்ணெய்ப் பிசுக்குப் பகுதிக்குச் சோளமாவைத் தூவி ஒரு இரவு விட்டுத் தட்டினேன். கொஞ்சம் உறிஞ்சியது, முழுதாக இல்லை. அந்தக் கறுப்பு இனிப் போகாது.

அடுத்தது கெட்ட கட்டம். தோல் துடைப்பதற்குக் கிளிசரின் சவர்க்காரமும் ஈரத்துணியும் என்று பல இடங்களில் போட்டிருந்தது. பட்டியின் வால்நுனியில், உடுத்தினால் மறைகிற பக்கத்தில், ஒரு அங்குலத்துக்கு மட்டும் செய்து பார்த்தேன். ஈரம் பட்ட கணத்திலேயே தோல் கறுத்தது. காய்ந்தபோது கறுப்பு அப்படியே இருக்க, அந்த இடம் ஓடு மாதிரி இறுகி, வளைத்தால் வெடிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. பொடி உதிரும் தோலில் தண்ணீர் படக்கூடாது. சொட்டுக்கூட வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற தோலுக்குச் சொன்ன வழியை இதற்குச் செய்யக்கூடாது. மறைவிடத்தில் சோதித்ததால் சேதம் ஒரு அங்குலத்தோடு நின்றது.

உதிர்கிற தோலை இறுக்குவதற்கு நூலகங்களில் பழைய புத்தக அட்டைகளுக்குப் பாவிக்கிற ஒரு பொருள் இருக்கிறது: குளூசெல் ஜி. வெள்ளைத் தூள், தண்ணீர் இல்லாமல் அற்ககோலிலேயே கரையும். அதுதான் இங்கே முக்கியம். நம் ஊர்க் கடைகளில் இல்லை. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்து தந்தா. 100 மில்லிலீற்றர் அற்ககோலுக்கு 2 கிராம். தூளை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி பிடிக்கும். கரண்டியால் சுழற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மூடியை இறுக்கி, இரவு முழுக்க வைத்தேன். காலையில் வடிகஞ்சிப் பதத்தில் தெளிவாக இருந்தது.

ஒரு அங்குல மெல்லிய தூரிகையால் பூசினேன். பூசும்போது தோல் கறுக்கும், நெஞ்சு திக்கென்று இருக்கும். காய்ந்ததும் நிறம் திரும்பிவிடும். சமதளங்களுக்கு இரண்டு பூச்சு, மூடியின் மடிப்புக்கு மூன்று. ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. இரண்டாம் பூச்சு காய்ந்த பிறகு வெள்ளைத் துணியால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுதான்.

பித்தளைக்கு வருகிறேன். பட்டியின் கொளுக்கி, தோள்வார் மாட்டும் அரைவட்ட வளையங்கள், உறையின் குமிழ் எல்லாவற்றிலும் பச்சைக் களிம்பு. தோலில் உள்ள கொழுப்பும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்து வருவது இது. மெழுகு மாதிரி மெதுவாக, தையல் ஓரங்களில் புதைந்து நிற்கும். அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொன்னா. குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே புளியும் தண்ணீரும் தோலுக்குள் ஊறிவிடும். மூங்கில் பல்குச்சியைச் சப்பையாகச் சீவி, களிம்பைத் துண்டு துண்டாகக் கிளப்பி எடுத்தேன். அலுப்பான வேலை, வானொலி கேட்டுக்கொண்டு செய்யலாம். பிறகு பொலித்தீன் துண்டைப் பித்தளைக்குப் பின்னால் செருகிக்கொண்டு, பித்தளை மினுக்கும் பிறாசோவை ஒரு துளி துணியில் எடுத்துத் துடைத்தேன். பிறாசோ தோலில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து தையல் துளைகளில் நிற்கும், பிறகு எடுக்கவே முடியாது. பளபளப்பாக்கவில்லை. குமிழின் தலையில் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் சற்றுத் தட்டையாகி இருக்கிறது. அதைத் தேய்த்து மறைக்க மனம் வரவில்லை.

தையல். உறையின் ஓரத்தில் 28 சென்ரிமீற்றருக்குத் தையல் ஓடுகிறது, ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல். அதில் பாதிக்குமேல் நூல் இற்றுப் போயிருந்தது. நகரில் சப்பாத்துத் தைக்கிற வயதானவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். துவாயில் சுற்றிப் பையில் வைத்துத்தான் கொண்டுபோனேன். உறையின் வடிவம் தெரிகிற மாதிரி வீதியில் தூக்கிக்கொண்டு போவது நம் ஊரில் நல்லதில்லை.

விரித்ததும் அவர் கை வைக்கவில்லை. "மனே, உள்ளுக்கு ஒண்டும் கிடக்கா?"

"இல்ல ஐயா, வெறும் உறை. அம்மப்பாட."

உள்ளே விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் மடியில் வைத்தார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். "இது மெசின் தையல் இல்ல. ரெண்டு ஊசியால தைச்சது. நைலோன் நூலக் கொண்டு வந்திராத, இந்தத் தோல அது அறுத்துப் போடும்."

அவரே தைத்துத் தருவார் என்றுதான் போனேன். ஆனால் கண் பிடிக்கவில்லை என்று சொல்லி, எனக்குக் கற்றுத் தந்து, பலகைக் கவ்வியையும் இரவல் தந்தார். லினன் நூல் மட்டக்களப்பில் தேடிக் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்: 0.8 மில்லிமீற்றர், மெழுகு பூசியது. தையல் நீளத்தின் நான்கு மடங்கு நூல் வெட்டி, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஊசி. ஊசி முனையை அரத்தில் உரசி மழுக்கிவிட வேண்டும். கூரான ஊசி பழைய துளையை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுத் துளை போடும். இந்தத் தோலில் ஒரு புதுத் துளை போட்டால் அடுத்தடுத்த துளைகளோடு சேர்ந்து முத்திரை கிழிக்கிற மாதிரிக் கிழிந்துவிடும். ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஊசி. இழுக்கும் அளவுக்கு அவர் சொன்ன விதி: நூல் தோலில் படுக்க வேண்டும், புதையக்கூடாது.

தைத்துக்கொண்டு வரும்போது உறையின் வாய்ப்பக்கத்தில் ஒன்றைக் கண்டேன். ஏழு துளைகளுக்கு மட்டும் நூல் வேறு. மற்ற நூல் எல்லாம் சணல் நிறம், இது வெள்ளைப் பருத்தி நூல், மேலே கறுப்புப் பொலிஷ் பூசி மறைத்திருக்கிறது. தையல்கள் ஒரே சீராக இல்லை, இரண்டு கொஞ்சம் நீளம். முடிச்சை உட்பக்கம் போட்டு, அதன்மேல் மெழுகுச் சொட்டு. எப்போதோ வாய் பிரிந்தபோது பொலிஸ் நிலையத்திலோ வீட்டிலோ யாரோ கையில் கிடைத்த நூலால் தைத்திருக்கிறார்கள். இழுத்துப் பார்த்தேன், இன்னும் பிடிப்பாக இருந்தது. அந்த ஏழு தையலையும் அப்படியே விட்டு, அதற்கு முன்னும் பின்னும் என் நூலை முடித்தேன்.

தோள்வாரின் ஒரு நுனி, வளையத்தில் மடிந்து வருகிற இடம், முற்றாக அறுந்திருந்தது. அதற்கு ஒட்டுப் போட வேண்டி வந்தது. உள்ளூரில் கிடைக்கிற தோல் எல்லாம் குரோமியத்தில் பதனிட்டது, செருப்புக்கும் பைக்கும் நல்லது, ஆனால் ரப்பர் மாதிரி இழுபடும், ஓரம் மெருகேறாது. மரப்பட்டைப் பதனில் 3 மில்லிமீற்றர்த் துண்டு ஒன்றையும் நூலோடு சேர்த்து எடுப்பித்தேன். இரண்டு நுனியையும் சவர அலகால் சீவிச் சீவி ஒன்றுமில்லாத மெல்லிசாக்கி, பழைய தோலுக்கு அடியில் செருகித் தைத்தேன். நிறம் பொருந்தவில்லை. பொருத்த முயற்சிக்கவும் இல்லை. எது பழையது, எது நான் வைத்தது என்று பிறகு பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

கடைசி வேலை உள்ளே வைக்கும் கட்டை. உறை பல வருடம் சப்பையாகக் கிடந்ததால், தைத்த பிறகும் பக்கவாட்டில் சரிந்தது. வடிவைப் பிடித்து நிறுத்த ஒரு மர அச்சு வேண்டும். மரக்காலையில் காய்ந்த மாமரத் துண்டு எடுத்துக்கொண்டு, தெரிந்த ஓடாவியிடம் படம் கீறிக் கொடுத்தேன்: நீளம் 205 மில்லிமீற்றர், உருளை இருந்த இடத்தில் குறுக்கு 38, நுனியில் 20. நடுவால் நீளவாக்கில் பிளந்து இரண்டு பாதி, அவற்றுக்கிடையில் தள்ளுகிற ஒரு ஆப்பு. முழுக்கட்டையாக இருந்தால் நுழைக்கும்போது உள்ளே இருக்கும் தடங்களை உரசிவிடும். இரண்டு பாதியைத் தனித்தனியாக இறக்கி, கடைசியில் ஆப்பைத் தள்ளினால் உரசல் இல்லை.

படத்தைப் பார்த்த ஓடாவி ஆர்வமாகிவிட்டார். "பிடியும் வச்சு விசையும் வெட்டித் தாறன் தம்பி, அச்சு அசலா வரும்." வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் இந்த வீட்டில் துவக்கு வடிவத்தில் ஒரு மரத்துண்டும் இருக்கக்கூடாது என்று அம்மா ஏற்கனவே சொல்லியிருந்தா. தொண்ணூறுகளை இங்கே கழித்த ஒருவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிக் காட்டி வளர்ந்த எனக்கும் தேவையில்லை. கட்டை வெறும் கட்டையாகவே இருக்கிறது. வெளியே எடுத்தால் உலக்கைத் துண்டென்றுதான் நினைப்பார்கள்.

மரத்தில் வருகிற ஆவியும் தோலுக்கு நல்லதில்லை என்பதால், கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியால் இரண்டு பாதியையும் சுற்றினேன். ஆப்பை முதல் நாளே முழுக்கத் தள்ளவில்லை. ஆப்புக்குப் பதிலாக மட்டைத் துண்டுகளை வாரத்துக்கு ஒன்றாகச் செருகி, தோல் தானாக விரிந்து கொடுத்த பிறகுதான் ஆப்பை வைத்தேன். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புதுத் தையலே தோலைக் கிழிக்கும்.

மேல்பூச்சுக்குத் தேன்மெழுகு. உன்னிச்சைப் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் வாங்கிய அடையை உருக்கி வடித்து, ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு டர்பன்டைன். அடுப்பை அணைத்த பிறகு சுடுநீர்ச் சட்டிக்குள் போத்தலை வைத்துத்தான் கலக்க வேண்டும், நெருப்புக்குப் பக்கத்தில் கூடாது. ஆறினதும் வெண்ணெய்ப் பதம் வரும். விரல்நுனியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, மறுநாள் துணியால் துடைத்தேன். கிவி பொலிஷ் பாவிக்கவில்லை. பழைய பொலிஷ் வெடிப்புகளில் போதுமான அளவு இருக்கிறது.

உறையின் உள்ளே இன்னொன்றும் கண்டேன், றிவோல்வர் வைத்திருக்கிறவர்கள் அறிய வேண்டியது. குழல் கிடந்த பக்கம் முழுக்க நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள், சில இடத்தில் துருச் செதில் ஒட்டியிருந்தது. தோலில் உள்ள பட்டைச் சாரமும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், முற்காலத்தில் எழுதுகிற மை செய்ததும் இந்த வழியில்தான். தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும். அதனால்தான் சேகரிப்பவர்கள் றிவோல்வரை ஒருபோதும் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பதில்லை. உறை சுமப்பதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல. எண்ணெய் தடவிய துணியில் இரும்பு தனியாக, தோல் தனியாக. அம்மப்பாவும் வீட்டுக்கு வந்ததும் முதலில் றிவோல்வரைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார் என்று அம்மா சொல்லுவா. இவ்வளவு கவனமாக இருந்தவரின் உறையிலேயே இவ்வளவு துரு என்றால், மாரி மழையில் பொத்துவில் பக்கம் சைக்கிளில் போன நாட்களை நினைத்துப் பார்க்கிறேன்.

செலவு: லினன் நூல் 1,450 ரூபா, தோல் துண்டு 2,800, அற்ககோல் 1,200, மெழுகு 800, டர்பன்டைன் 600, மரமும் ஓடாவியின் கூலியும் 3,500, ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் 1,900. சப்பாத்துத் தைக்கிற ஐயா காசு வாங்க மறுத்தார், வற்புறுத்தி 1,500 கொடுத்தேன். மொத்தம் 13,750. குளூசெல் மச்சாளின் அன்பளிப்பு.

அந்த மீற்றருக்குப் போன காசு வீண்போகவில்லை. மார்கழி மழையில் றங்குப் பெட்டி இருந்த அறை 80 சதவீதத்துக்கு மேல் காட்டியது. கச்சான் அடிக்கிற நாட்களில் அதே அறை அடியோடு இறங்கிவிடுகிறது. தோலைக் கொல்வது ஈரம் மட்டுமில்லை, இந்த ஏற்ற இறக்கம்தான். இப்போது உறையும் பட்டியும் பருத்தித் தலையணை உறைக்குள், மேல்மாடி அலமாரியின் நடுத்தட்டில், வெளிச்சுவரைத் தொடாமல் இருக்கின்றன. பொலித்தீனில் கட்டவில்லை, கட்டினால் உள்ளே வியர்க்கும். பட்டியை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

திரும்பச் செய்வதென்றால் வரிசையை மாற்றுவேன். கட்டையைத் தைப்பதற்கு முன்பே செய்து, உறையை விரித்து நிறுத்திய பிறகுதான் ஊசி எடுப்பேன். இப்போது தையலின் நடுவில் ஒரு இடத்தில் தோல் லேசாகச் சுருக்கியிருக்கிறது, சப்பையாக இருந்தபோது தைத்ததன் விளைவு. ஒட்டுப் போட்ட துண்டை 3 மில்லிமீற்றருக்குப் பதில் இரண்டில் எடுப்பேன், வளையத்தில் திரும்பும்போது தடிப்பாக நிற்கிறது. காலமும் முக்கியம். மழை ஓய்ந்து கச்சான் தொடங்குவதற்கு இடையில், மாசி பங்குனியில்தான் அற்ககோல் பூச்சு ஒரே சீராகக் காய்ந்தது. அதற்குமுன் மழை நாளில் பூசிய ஒரு சின்னப் பகுதி வெள்ளை படிந்து, வெறும் அற்ககோலால் துடைத்து எடுக்க வேண்டி வந்தது.

தோட்டாப் பை இன்னும் தொடப்படாமல் இருக்கிறது. அதன் மூடி முழுவதும் சிவப்புப் பொடி, குமிழும் இல்லை. உறையின் குமிழை அளந்து வைத்திருக்கிறேன்: கழுத்து 5 மில்லிமீற்றர், தலை 9. வெல்லாவெளிப் பக்கம் பித்தளை கடைகிற ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், மாசியில் தருவதாகச் சொன்னார். பொட்டலத்தில் குளூசெல் பாதி மிச்சம் இருக்கிறது.